யார் திறந்து பார்த்தார்கள்

1

மகளுக்குப் பதினாறு வயது நிறைந்த காலையில், கேக் வெட்டுவதற்கு முன்பே எனக்கு ஒரு கடிதம் வந்துவிட்டது. தபாலில் அல்ல, கைப்பேசியில். மூன்றே வரி. மரியாவின் மருத்துவப் பதிவுகளை இன்று முதல் பெற்றோராகிய உங்களால் பார்க்க இயலாது, அந்த உரிமை இனி அவருக்கு மட்டுமே உண்டு என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வயதிலேயே பாதிக் கதவை மூடியிருந்தார்கள். இப்போது மீதிப் பாதியும் மூடிவிட்டது.

நார்வேயின் மேற்குக் கரையில், வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஒரு சிற்றூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் சொந்த ஊர் மணமேல்குடிக்குப் பக்கத்துக் கடற்கரை. அவருக்கு இங்கே மீன் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்கு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்வேன். நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கடிதம் அனுப்புவேன்.

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது.

"பெத்தவங்க பாக்கக் கூடாதாமா? அப்ப காய்ச்சல் வந்தா கஞ்சி யாரு வைப்பா, கவர்மென்டா?"

"கஞ்சி நீங்கதான் வைக்கணும் அப்பா," என்றாள் மரியா, கேக்கிலிருந்து ஒரு செர்ரியைக் கிள்ளி எடுத்தபடி. "படிக்கத்தான் கூடாது."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அந்த மூன்று வரியை எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டே இருந்தேன். பிள்ளை கைவிட்டுப் போகிறாளே என்கிற வருத்தம் மட்டுமல்ல. என் தம்பி அருளின் நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் இறந்து ஆறு வருடம் ஆகப்போகிறது.

2

அருள் இறந்த பிறகு இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது நடந்ததைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். அலுவலகத் தலைவி பெரிட், அறுபது வயதுக்காரி, என்னிடம் கேட்ட முதல் கேள்வியில் 'ஷுர்னால்' என்ற சொல் வந்தது. இவர்கள் மொழியில் நோயாளியின் மருத்துவப் பதிவுக்கு அதுதான் பெயர். எனக்குத் தெரிந்ததோ ஆங்கிலத்து ஜர்னல். வார இதழ், மாத இதழ் வாசிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, "வாசிப்பேன், எனக்கு ரொம்பப் பிடிக்கும், வீட்டிலும் வாசிப்பேன்," என்றேன்.

பெரிட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அதைத்தான் இங்கே யாரும் செய்யக் கூடாது," என்றார்.

வேலை கிடைத்தது. முதல் நாள் அவர் கற்றுக்கொடுத்த சொல் 'தவ்ஸ்ஹேட்ஸ்ப்ளிக்ட்'. நாக்கு சுளுக்கிக்கொள்ளும். வாய் திறவாமல் இருக்க வேண்டிய கடமை என்று பொருள். வெளியே சொல்வது மட்டும் குற்றமில்லை, வேலைக்குத் தேவையில்லாமல் ஒருவருடைய பதிவைத் திறந்து பார்ப்பதே சட்டப்படி குற்றம், பார்த்ததை யாரிடமும் சொல்லாவிட்டாலும் குற்றம்தான் என்றார். யார், எந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதெல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அந்தப் பட்டியலை நோயாளியே வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். எனக்கு முன்னால் அங்கே வேலை செய்த ஒருத்தி, தன் பழைய கணவனின் புது மனைவியுடைய பதிவை ஒரே ஒரு முறை திறந்து பார்த்து வேலையை இழந்திருந்தாள்.

"அக்கறையில் பார்த்தால்?" என்று கேட்டேன்.

"அக்கறையில்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்," என்றார் பெரிட்.

உறுதிமொழிக் காகிதத்தை என் முன் வைத்தார். கையெழுத்து முதல் தடவை கோணிக்கொண்டு போனது. புது வேலை, படபடப்பு என்று அவர் நினைத்திருப்பார். இன்னொரு தாள் கொடுத்தார்.

3

அருள் எனக்கு ஏழு வயது இளையவன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தான். மறுபடி போவதற்கு முன் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று எங்கள் அண்ணன் சேவியர் பெண் பார்த்தார். நிச்சயமும் ஆயிற்று. திரும்பிப் போவதற்கான உடல் பரிசோதனைக்காக அருள் புதுக்கோட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் பேச்சு நின்றுபோனது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வலை பின்னும் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்கிறான், சோறு இறங்கவில்லை என்று அம்மா அழுதாள்.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் எங்கள் சித்தி மகள் செல்வராணி. முடிவுகளை ஏற்றுவது, அச்செடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அருளைவிட இரண்டு வயது சின்னவள். நான் இங்கிருந்து அவளுக்குப் போன் செய்தேன்.

"ராணி, அருளுக்கு என்னடி? ஒங்க எடத்துலதானே டெஸ்ட் எடுத்தான். ஒரு எட்டு பாத்துச் சொல்லு."

"அக்கா, அப்பிடிப் பாக்கக் கூடாதுக்கா. மேனேஜர் திட்டுவாரு."

"நான் என்ன அன்னியமா? அவன் கூடப் பொறந்தவடி. அங்க அம்மா அழுவுது, எனக்கு இங்க பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கு."

நான் விடவில்லை. அவள் பத்தாவது படிக்கும்போது நான் பாடம் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் இழுத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டர் திரையைக் கைப்பேசியில் எடுத்த படம். அருளின் பெயர், வயது, அப்பா பெயர், அதற்குக் கீழே எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்லும் அந்த ஒற்றை வரி.

அந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் எழுபது வயது வரை இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவசரப்பட்டேன். யாராவது அவனைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்து, படத்தைச் சேவியர் அண்ணனுக்கு அனுப்பினேன். 'யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று அடியில் எழுதினேன். அண்ணன் அண்ணியிடம் மட்டும் காட்டினார். அண்ணி தன் அக்காவிடம் மட்டும்.

நான்காம் நாள் பெண் வீட்டார் வந்து தட்டோடு எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டாமா என்று அண்ணன் பிறகு கேட்டார். வேண்டும்தான். ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே அருள் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்து, கல்யாணத்தை நிறுத்த வேண்டும், பெண் வீட்டில் நானே சொல்கிறேன், எனக்குப் பத்து நாள் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். சாமியார் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. அந்தப் பத்து நாளை நாங்கள் அவனுக்குக் கொடுக்கவில்லை.

பதினோராவது நாள் அந்தப் படம் எனக்கே வந்து சேர்ந்தது. அறந்தாங்கியில் என்னோடு படித்த ஒருத்தி, 'இது ஒன் தம்பியா?' என்று கேட்டு அனுப்பியிருந்தாள். படத்தின் ஓரத்தில், திரையின் சட்டத்தில், மாதா ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அது ராணியின் மேசை என்று எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். படம் எடுத்தவள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. எடுக்கச் சொன்னவள் யார் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனோ, ராணி தானாகவே எனக்கும் அனுப்பி ஊருக்கும் அனுப்பிவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டார். நான் அதைத் திருத்தவில்லை.

நம் நாட்டில் அப்போதே இதற்கென்று சட்டம் இருந்தது. எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. பெயரை மறைத்தே வழக்கு நடத்தவும் அதில் வழி உண்டு என்று புதுக்கோட்டை வக்கீல் ஒருவர் அருளிடம் சொல்லியிருக்கிறார். "யாருக்கு சார் மறைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டானாம். அதைக் கேட்டு அம்மா அழுதாள். எனக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. வழக்கு என்று வந்தால் என் பெயரும் வரும். அந்த ஆறுதலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். மாதா மாதம் போய் வாங்க வேண்டும். முதலில் போனான். வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறான். பிறகு திருச்சிக்குப் போய் வாங்கினான். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. பிறகு போகவே இல்லை. இரண்டே வருடத்தில் நெஞ்சில் காசநோய் வந்து, கல்லறைத் திருநாள் முடிந்த மறு வாரம் இறந்தான். முப்பத்தொரு வயது.

அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். வேலை போய், வீட்டோடு கிடந்த ராணியும் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா பார்த்துவிட்டாள்.

"எம் புள்ளையத் தின்னுட்டு எழவுக்கு வேற வந்துட்டியா? போடி வெளிய! இந்த வாசல்ல கால் வைக்காத!"

ராணி என்னைப் பார்த்தாள். பெட்டிக்குத் தலைமாட்டில் நான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். நான் குனிந்து, அருளின் சட்டைக் காலரைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

4

பிறந்தநாள் முடிந்து ஒரு மாதம் இருக்கும். மரியாவிடம் ஏதோ மாறியிருந்தது. தட்டில் சோறு மிஞ்சியது. அறைக் கதவு எப்போதும் சாத்தியிருந்தது. என்னம்மா என்றால், "ஒண்ணுமில்லை, ஸ்கூல்ல வேலை," என்பாள். தமிழில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசினால் களைத்துப் போகிற பிள்ளை. அந்த நாட்களில் நான்கும் இல்லை.

ஒரு புதன்கிழமை முற்பகல், எங்கள் மாடி லிஃப்டுக்குப் பக்கத்து ஜன்னலில் நின்றவள் கீழே அவளைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள், மஞ்சள் மழைச்சட்டையோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். தனியாக. எந்தப் பிரிவுக்குப் போனாள் என்று தெரியவில்லை.

என் மேசைக்குத் திரும்பி வந்தேன். கம்ப்யூட்டர் திறந்துதான் இருந்தது. அவளுடைய பதினொரு இலக்கப் பிறப்பு எண், நம்மூர் ஆதார் மாதிரி, எனக்கு மனப்பாடம். கை தானாக அடித்தது. திரையில் ஒரு சிறு பெட்டி எழுந்து வந்து காரணம் கேட்டது. எந்தப் பதிவைத் திறந்தாலும் கேட்கும். சிகிச்சை, நாள் குறித்தல், கடிதம் அனுப்புதல் என்று அதிலேயே காரணங்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் கதவு திறக்கும். தினம் நாற்பது முறை தொடுகிறேன்.

அக்கறை என்று ஒரு காரணம் அந்தப் பெட்டியில் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. திரையில் இருந்தது என் மகளுடைய எண். என் கண்ணுக்குத் தெரிந்தது அருளின் பெயரும், அதற்குக் கீழே அந்த வரியும், ஓரத்தில் மாதாவும். பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. பெட்டியை மூடினேன். கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன், சின்னப் பிள்ளையில் ஜெபம் முடியும் வரை உட்கார்வோமே, அதுபோல.

எழுந்து போய்ப் பெரிட்டிடம் சொன்னேன். "அடிக்கக் கூடாத எண் ஒன்றை அடித்துவிட்டேன்."

"திறந்தாயா?"

"இல்லை."

அவர் என் முகத்தையே பார்த்தார். யாருடைய எண் என்று கேட்கவில்லை. "போய்க் காபி குடி," என்றார்.

5

மரியாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரம். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் அவள் குளியலறையில் கொஞ்ச நேரம் அதிகம் இருந்தாலே கதவுக்கு வெளியே போய் நின்றுவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை, மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் லாக் பாத்தேன்."

"என்ன லாக்?"

"ஷுர்னால் லாக். யார் தொறந்தாங்கன்னு. உங்க பேரு இல்லை."

"ஏன் இருக்கணும்?"

"இருக்கும்னு நெனச்சேன். அன்னைக்கு நீங்க மேல ஜன்னல்ல நின்னீங்க. நான் பாத்தேன்." அவள் குரலில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. "நீங்க பாக்கலை. ஏன்?"

என் மகள் என்னை வேவு பார்த்திருக்கிறாள் என்று முதலில் வலித்தது. அடுத்த நிமிடமே, அவள் சந்தேகப்பட்டது சரியான ஆளைத்தான் என்று உறைத்தது. அடுப்பை அணைத்தேன். உட்கார்ந்து அருள் மாமாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். மாமா காசநோயில் இறந்தார் என்று மட்டும்தான் அதுவரை அவளுக்குத் தெரியும். தமிழில் ஆரம்பித்தேன், அவளுக்குப் புரியாத இடங்களில் நார்வேஜியத்துக்கு மாறினேன். 'நான்தான் அனுப்பினேன்' என்பதை அந்த மொழியில் சொல்வது கொஞ்சம் எளிதாக இருந்தது.

அவள் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்தது இல்லை.

"அம்மாச்சிக்குத் தெரியுமா, கேட்டது நீங்கன்னு?"

"தெரியாது."

"ராணி சித்தி சொல்லலையா?"

"சொல்லலை."

"இத்தனை வருஷமா?" அவள் தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ உங்களுக்காக அவங்க தவ்ஸ்ஹேட்ஸ்ப்ளிக்ட் வச்சிருக்காங்க. அவங்களுக்கு அது வேலை இல்லை. நீங்க போய்ச் சொல்லுங்கம்மா."

அன்று அவள் எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை எழுதுகிற இன்று வரை எனக்குத் தெரியாது. இப்போது சாப்பிடுகிறாள், சில நாள் பாட்டும் கேட்கிறது. இந்தக் குறிப்பை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயரை மாற்றினால் எழுதலாம் என்றாள். மாற்றியிருக்கிறேன்.

6

நவம்பரில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பூசைக்கு வந்த அண்ணன் திரும்பிப் போன மறுநாள், வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். காலையில் ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து எழுதிக்கொள்பவள். நல்ல பெண். அம்மாவுக்கு மருத்துவ அடையாள எண் ஒன்று போட வேண்டும் என்றாள்.

"எதுக்குத்தா நம்பரு?"

"ஒங்க வியாதி, மாத்திரை எல்லாம் இதுல ஏறிடும் அம்மா. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்பரச் சொன்னாப் போதும். ஆனா ஒங்க சம்மதம் இல்லாம யாரும் பாக்க முடியாது. இப்ப சட்டமே வந்துருச்சு."

"எங்க வீட்டு வியாதியத்தான் ஊரே பாத்துருச்சே," என்றாள் அம்மா, கையை நீட்டியபடி.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துவிட்டு, சம்மதம் என்ற கட்டத்தில் தானே ஒரு டிக் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அம்மா கருவாட்டை வெயிலில் திருப்பிப் போடப் போனாள். பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"அம்மா, ராணி தானா அந்தப் போட்டோவ எடுக்கலை. நான்தான் எடுத்து அனுப்பச் சொன்னேன். அண்ணனுக்கு அனுப்புனதும் நான்தான். ராணி வேற யாருக்கும் அனுப்பலை."

அம்மா கருவாட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"காதுல விழுந்துச்சாம்மா?"

"நீ ஏன்த்தா அவ பழிய இழுத்து ஒந் தலையில போட்டுக்குற? அவதான் எடுத்தா. அவ மேசைதான் அதுல தெரிஞ்சுச்சு."

"நான் கேக்கலேன்னா அவ எடுத்துருக்க மாட்டா."

"இல்ல." அம்மா நிமிர்ந்தாள். கையில் செதில் ஒட்டியிருந்தது. "எனக்கு மிச்சம் இருக்குறது நீயும் சேவியரும்தான். ஒருத்திய வெறுத்து இந்த ஆறு வருசத்தை ஓட்டிட்டேன். இனிமே ஒன்னய நான் எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்கிறது? நீ சொன்னத நான் கேக்கலை. போ, உள்ள போயி ஒலைய வையி."

உள்ளே போய் உலை வைத்தேன்.

7

மறுநாள் பஸ் பிடித்து அரிமளத்துக்குப் போனேன். ராணியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஆறு வருடத்தில் முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், நேற்றுத்தான் வந்துபோனவளைக் கூப்பிடுவது போல, "வாங்கக்கா, உக்காருங்க," என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள்.

"ராணி, அம்மாட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நான்தான் கேட்டேன்னு."

அவள் ஜெராக்ஸ் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்தாள். "பெரியம்மா என்ன சொன்னாங்க?"

"நம்ப மாட்டேங்குது."

"நம்ப மாட்டாங்கக்கா. எப்பிடி நம்புவாங்க?"

"நீ ஏன்டி சொல்லலை? அன்னைக்கு வாசல்ல நின்னப்பவாச்சும் சொல்லிருக்கலாமே."

"சொல்லி? நீங்க கேட்டீங்க. நான் எடுத்தேன். முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் வாய் இருந்துச்சுல்ல. சொல்லலையே." தாள்களை மெஷினில் வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள், "ஒருத்தர்ட்ட மட்டும் சொன்னேன்."

"யார்ட்ட?"

"அருளண்ணன்ட்ட."

தெருவில் பஸ் ஒன்று வந்து நின்றது. அதன் சத்தம் அடங்கும் வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

"நிச்சயம் நின்ன மாசமே அண்ணன் எங்க வீட்டுக்கு வந்துச்சுக்கா. மத்தியானம். அம்மா இல்ல. அடிக்கத்தான் வந்துருக்குன்னு நெனச்சேன். 'பயப்படாத ராணி, யாரு கேட்டான்னு மட்டும் சொல்லு'ன்னுச்சு. நான் சொல்லிட்டேன். அப்பறம் சொன்னுச்சு, 'எனக்குத் தெரியும்னு அக்காட்ட சொல்லிராத. அது அங்கிட்டுத் தனியாக் கெடக்கு. தெரிஞ்சா தாங்காது.'"

நிச்சயம் நின்ற மாதம். அதற்குப் பிறகு அருள் இரண்டு வருடம் உயிரோடு இருந்தான். அந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அவனாகவே என்னைக் கூப்பிட்டுப் பேசினான். அங்கே மழை விட்டதா என்பான். மரியாவை நார்வேஜியத்தில் பத்து வரை எண்ணச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பான். கூப்பிட்டும் எடுக்காதவன் இப்படித் தானே பேச ஆரம்பித்ததும், ஆறிவிட்டான், தேறிவிட்டான் என்று நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஒரு ஞாயிறு, என் பெயர் வெளியே வரக் கூடாதென்ற பயத்திலோ என்னவோ, நானாகவே ஆரம்பித்தேன்: "ராணி இப்பிடிப் பண்ணிட்டாளேடா, கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சோமே, அவ நல்லா இருப்பாளா?" என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "விடுக்கா," என்றான். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

கடைக்கு ஒரு பெரியவர் ரேஷன் கார்டோடு வந்தார். ராணி இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள். அவர் போகும் வரை நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற என்னடி சொன்னான்?"

ராணி யோசித்தாள்.

"வேற ஒண்ணும் சொல்லலைக்கா. வெயில்ல வந்துச்சுல்ல, தண்ணி கேட்டுச்சு. சொம்புல குடுத்தேன். குடிச்சுட்டு, நான் வாங்கப் போனேன், குடுக்கலை. அதுவே கொல்லைக்குப் போயி, சாம்பலப் போட்டு ரெண்டு தடவ வெளக்கி, கமுத்தி வச்சுட்டுப் போச்சு."